மூன்று தீவு, இரண்டு ஒப்பந்தம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அப்பாலுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் வெயிலையும் காற்றையும் கொண்டு மின்சாரம் கொடுக்கும் திட்டம் ஒன்றுதான். அதற்கான கம்பனி மட்டும் இரண்டு முறை தெரிவுசெய்யப்பட்டது. 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை அந்த வேலையைச் சீனாவின் சினோசோர், இடெக்வின் ஆகியவற்றின் கூட்டுக்குக் கொடுக்கத் தீர்மானித்தது. 2024 மார்ச் 1ஆம் திகதி அதே மூன்று தீவுகளுக்கான ஒப்பந்தம் பெங்களூரின் யூ சோலார் கிளீன் எனர்ஜி சொலூஷன்ஸ் கம்பனியுடன் கைச்சாத்தானது. முதலாவதற்குப் பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். இரண்டாவதற்கு இந்தியாவின் நன்கொடை. இவ்விரண்டையும் ஒரே ஒப்பந்தம் என்று எடுத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

குறிகட்டுவானில் இருந்து படகேறினால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகலாம். அனலைதீவுக்கு ஊர்காவற்றுறையில் இருந்து படகு. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகியவை தாம்போதிகளால் குடாநாட்டோடு இணைந்திருப்பதால் தேசிய மின்வலையமைப்பு அங்கே வந்து சேர்ந்துவிட்டது. கடல் நடுவே நிற்கும் மற்ற மூன்றும் இலங்கை மின்சார சபையின் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே இருந்து வந்தன. ஒவ்வொரு பீப்பாய் எண்ணெயும் கடல் கடந்து வரவேண்டும். ஆகவே தேவை உண்மையானது என்பதில் கொழும்பிலோ புதுடில்லியிலோ பெய்ஜிங்கிலோ யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. யார் கட்டுவது என்பதே பிரச்சினையானது.

ஒப்பந்தம் கைமாறிய விதம்

முதல் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கி 2016இல் ஒப்புதல் அளித்த மின்விநியோக மேம்பாட்டுக் கடனுக்குள் அடங்கியிருந்தது. அந்த வங்கியின் விதிப்படி சர்வதேசக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டு, சீனக் கூட்டு தெரிவானது. பெறுமதி ஏறக்குறைய 1 கோடி 20 இலட்சம் டொலர். இராமேஸ்வரத்தில் இருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில் சீனக் கம்பனி வருவதைப் புதுடில்லி உடனே எதிர்த்தது. எதிர்த்ததோடு நிற்காமல், கடனாகச் செலவிடவிருந்த அதே அளவு தொகையைத் தானே நன்கொடையாகத் தருவதாகவும் சொன்னது.

கொழும்பு சீனக் கம்பனியை விலக்கவுமில்லை, வேலையைத் தொடங்க விடவுமில்லை. பத்து மாதங்களுக்கு மேல் அப்படியே போனது. 2021 டிசெம்பர் தொடக்கத்தில் கொழும்பிலுள்ள சீனத் தூதரகமே ‘மூன்றாம் தரப்பு’ ஒன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாக அறிவித்தது. அந்தத் தரப்பின் பெயரைச் சொல்லவில்லை. மாலைதீவின் 12 தீவுகளில் சூரிய மின்நிலையம் அமைக்க சினோசோர் நவம்பர் 29இல் ஒப்பந்தம் செய்துகொண்ட செய்தியும் அதே அறிவிப்பில் இருந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் சீனத் தூதுவர் சி ஷென்ஹொங் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டி நல்லூர்க் கந்தனை வணங்கினார், பொது நூலகத்துக்குப் போனார், மன்னாரில் இருந்து படகேறி இராமர் அணையின் மணல் திட்டுகளையும் பார்த்தார். தீவுகளின் மின்சாரம் வெறும் வர்த்தகம் என்று பெய்ஜிங் சொல்லிவந்ததை இந்தப் பயணத்துக்குப் பிறகு அப்படியே ஏற்பது கடினம்.

2022 மார்ச் 28இல், இந்திய வெளிவிவகார அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் கொழும்பில் இருந்தபோது, மூன்று தீவுத் திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானது. இறுதி ஒப்பந்தத்துக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் எடுத்தன. நன்கொடைத் தொகை 1 கோடி 10 இலட்சம் டொலர். இலங்கைப் பக்கத்தில் பொறுப்பு நிலைபேறான வலுசக்தி அதிகாரசபையிடம் உள்ளது.

நன்கொடையின் உள்வேலை

ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு பெரிய நாடு சிறிய நாட்டிடம் “அவனுக்குக் கொடுக்காதே” என்று நேரே சொன்னால் அது தலையீடு. “அவன் கடனுக்குக் கட்டுவதை நான் இலவசமாகத் தருகிறேன்” என்று சொன்னால் அது உதவி. இரண்டின் விளைவும் ஒன்றே. ஆனால் இரண்டாவது வழியில், மறுப்பதற்கான காரணத்தைச் சிறிய நாட்டின் நிதி அமைச்சே கண்டுபிடித்துக் கொள்ளும். கடனை விட நன்கொடை மேல் என்பதை எந்தக் கணக்காய்வாளரும் மறுக்க முடியாது.

கேள்விப்பத்திர முறைக்குள் இதற்கு இடமில்லை. போட்டி கம்பனிகளுக்கிடையில் நடக்கும். விலையும் தரமும் அளவுகோல். வென்றவருக்கு வேலை. நன்கொடை அந்தப் போட்டியைத் தோற்கடிப்பதில்லை; போட்டி நடந்த களத்தையே எடுத்துவிடுகிறது. கடன் இல்லையென்றால் அந்தக் கடனின் கொள்வனவு விதியும் இல்லை. விதி இல்லையென்றால் வென்றவருக்கு உரிமையும் இல்லை. யாரும் எதையும் மீறவில்லை, ஆனால் முடிவு மாறிவிட்டது. இந்தியாவும் சீனாவும் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உறுப்பு நாடுகள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த நகர்வின் நுட்பம் விளங்கும். வங்கியின் மேசையில் வைத்து எதிர்ப்பதற்குக் காரணம் காட்ட வேண்டும். மேசைக்கு வெளியே பணம் கொடுப்பதற்கு அது தேவையில்லை.

கொழும்புக்கும் இதில் இலாபம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. சீனாவுக்குக் கொடுப்பதாகத் தீர்மானிக்கும் வரை இந்த மூன்று தீவுகளுக்கும் இலவச மின்நிலையம் தர யாரும் முன்வரவில்லை. தீர்மானம் வந்த பின்தான் நன்கொடை வந்தது. சிறிய நாட்டின் கையிலுள்ள சரக்கு காற்றோ வெயிலோ அல்ல; எதிராளி வந்துவிடுவான் என்ற அச்சம். அந்தச் சரக்கை விற்று ஒரு கோடி டொலருக்கு மேல் கடனைத் தவிர்த்ததை அரசதந்திரம் என்று கொழும்பு மெச்சிக்கொள்ளலாம்.

விலையை யார் கொடுத்தார்கள் என்பது வேறு கணக்கு. முதல் அமைச்சரவைத் தீர்மானத்துக்கும் இறுதி ஒப்பந்தத்துக்கும் இடையில் ஏறக்குறைய 38 மாதங்கள். எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டு அதற்குள் அடக்கம். அக்காலம் முழுவதும் தீவுகளில் டீசல் இயந்திரமே ஓடியது. பேரத்தின் இலாபம் திறைசேரிக்கு, காத்திருப்பு தீவாருக்கு. பேரம் நடந்ததே அவர்களுடைய ஊர் இந்தியாவுக்கு அருகில் இருப்பதால்தான் என்பதை நினைத்தால் இது மனத்தை உறுத்துகிறது. இன்னொரு செலவும் உண்டு, அது எந்த ஏட்டிலும் பதிவாகாது: வடக்கில் இனி கேள்விப்பத்திரம் போடும் எந்த வெளிநாட்டுக் கம்பனியும் தன் விலையைக் கணக்கிடுமுன் தன் நாட்டின் பெயர் யாருக்குப் பிடிக்காது என்று பார்க்கும். அப்படிப் பார்த்து ஒதுங்கும் கம்பனிகள் கூடக்கூடப் போட்டி குறையும், விலை ஏறும்.

‘பாதுகாப்பு’ என்றால் என்ன?

மூன்று தீவுக்கும் சேர்த்து 2,230 கிலோவாற்று உற்பத்தி செய்யும் ஒரு சிறு மின்நிலையம் எந்த இராணுவத்தையும் அச்சுறுத்தாது. புதுடில்லியும் சூரியத் தகடுகளைக் கண்டு அஞ்சவில்லை. அதன் அச்சம் அவற்றைப் பராமரிக்க வரும் பொறியியலாளர்களின் நீண்டகால இருப்பு, கட்டுப்பாட்டு அமைப்பின் தகவல்தொடர்பு, எல்லாவற்றுக்கும் மேலாக முன்னுதாரணம் பற்றியது. இன்று காற்றாலைக்கு இடம் கொடுத்தவர் நாளை இறங்குதுறைக்குக் கொடுக்க மாட்டார் என்பதற்கு என்ன உறுதி என்பதே அதன் கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கலாம். ஆனால் இந்த அளவுகோலுக்கு எல்லை எதுவென்று எந்த அரசும் வெளிப்படையாகச் சொன்னதில்லை. எல்லை சொல்லப்படாத வரை பாதுகாப்பு என்ற சொல் எதிர்ப்பவர் வேண்டிய இடம் வரை நீளும்.

இந்த நீட்சிக்கு எழுத்து வடிவிலான ஒரு வேர் உண்டு. 1987 ஜூலை 29இல் இந்திய – இலங்கை உடன்படிக்கையோடு ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலை உட்பட எந்தத் துறைமுகமும் இந்திய நலனுக்குப் பாதகமாக வேறு நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்குக் கிடைக்காது என்று இலங்கை உறுதி அளித்தது. வெளிநாட்டு வானொலி நிலையங்கள் ஒலிபரப்புக்கு மட்டுமே பயன்படுகின்றனவா என்று மீளாய்வு செய்யவும் ஒப்புக்கொண்டது. குடிசார் கட்டுமானம் ஒன்றை இன்னொரு கண்ணால் பார்க்கும் பழக்கம் அங்கேயே எழுத்தில் வந்துவிட்டது. கடிதத்தில் துறைமுகமும் ஒலிபரப்பும் இருந்தன. 2021இல் மின்கம்பமும் சேர்ந்தது.

சமநிலை என்ற பெயரில்

இரு பக்கமும் சாயாத நாடு என்று கொழும்பு தன்னை அழைத்துக்கொள்வது நீண்டகால வழக்கம். 1952இல் சீனாவுடன் இறப்பர் – அரிசி ஒப்பந்தம், 1957இல் பிரித்தானியத் தளங்கள் வெளியேற்றம், 1976இல் அணிசேரா நாடுகளின் கொழும்பு மாநாடு ஆகியவை அதற்குச் சான்றாகக் காட்டப்படும். அண்மைக்கால நடப்பை அணிசேராமை என்பதைவிட, ஒருவருக்குக் கொடுத்ததை மற்றவருக்குக் கொடுத்து ஈடுசெய்தல் என்பதே பொருந்தும். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக்குச் சீனக் கம்பனியிடம் போனது. இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் வாக்களித்த கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையம் 2021 பெப்ரவரியில், அதாவது தீவுத் திட்டம் சீனாவுக்கென்று தீர்மானமான அடுத்த மாதமே, திரும்பப் பெறப்பட்டது. பதிலாக மேற்கு முனையத்தில் அதானி குழுமத்துக்கு இடம் கிடைத்தது. 2022 ஓகஸ்ட் 16இல் சீன ஆய்வுக் கப்பலான யுவான் வாங் 5 இந்தியாவின் ஆட்சேபத்துக்கு மத்தியில் அம்பாந்தோட்டைக்கு வந்தது. 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் அனைத்துக்கும் ஓராண்டுத் தடை. எந்த நாட்டின் பெயரும் குறிப்பிடாத அந்தத் தடை யாரை மனத்தில் வைத்து வந்தது என்பது இரு தலைநகருக்கும் விளங்கியது.

ஊசலாட ஒருவருக்குக் கால் ஊன்ற நிலம் வேண்டும். 2022இன் முதல் மூன்று மாதங்களில் இலங்கைக்கு அது இருக்கவில்லை. பெப்ரவரியில் எரிபொருளுக்கு 50 கோடி டொலர், மார்ச் 17இல் உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி டொலர் என இந்தியக் கடன்வசதிகள் வந்தன. பதினொரு நாள் கழித்துத் தீவுத் திட்டத்தில் கையொப்பம். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. கையிருப்பு வற்றிய நிலையில் போட்ட அந்தக் கையொப்பத்தைச் சமநிலையின் சான்றாக எடுத்துக்கொள்வது தவறு. இரண்டு வாங்குபவர்கள் இருந்தபோது தொடங்கிய பேரம் ஒருவர் மட்டும் மிஞ்சிய நேரத்தில் முடிந்தது.

பெரிய வல்லரசுகள் இத்தீவுகளைத் தம் கணக்கில் எழுதிக்கொள்வது புதிதல்ல. ஒல்லாந்தர் தம் ஊர்ப் பெயர்களையே இவற்றுக்கு இட்டார்கள்: நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசிப் பெயர் மட்டும் இன்றும் அரச ஆவணங்களில் வழங்குகிறது.

கட்டப்படுவது எது?

ஒப்பந்தப்படி 1,700 கிலோவாற்று சூரிய சக்தி, 530 கிலோவாற்று காற்று, 2,400 கிலோவாற்று மணி கொள்ளளவுள்ள பற்றரி, 2,500 கிலோவாற்று மாற்று டீசல் இயந்திரங்கள். வெயில் பகலைப் பார்த்துக்கொள்ளும். சோளகம் வீசும் மாதங்களில் காற்றாடி இரவிலும் சுழலும். நிரம்பிய பற்றரி சூரியப் பகுதியின் முழு உற்பத்திக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஈடுகொடுக்காது. எனவே அதன் வேலை இரவு முழுவதும் ஊரைத் தாங்குவதல்ல. மேகம் மறைக்கும்போதும் காற்று விழும்போதும் விளக்கு அணையாமல் இடைவெளியை நிரப்புவது, மாலை உச்சத் தேவையில் கைகொடுப்பது. அறிவிப்புகளில் வரும் ‘பசுமைத் தீவு’ என்ற சொல்லை இந்த எண்களோடு வைத்துப் படிக்க வேண்டும்.

மற்றக் கேள்விகள் சிறியவை.

எழுவைதீவு ஏன் இதில் இல்லை? ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அங்கே ஏற்கெனவே சிறிய கலப்பு மின்நிலையம் அமைந்துவிட்டது.

இது அதானியின் திட்டமா? இல்லை. அதானியுடையது மன்னாரிலும் பூநகரியிலும் திட்டமிட்ட காற்றாலை; 2025 பெப்ரவரியில் அக்குழுமம் அதில் இருந்து விலகியது.

கச்சதீவோடு தொடர்பு உண்டா? கிடையாது. அது 1974, 1976 உடன்படிக்கைகளின் விடயம். அங்கே குடியிருப்பே இல்லை.

ஆட்சி மாறியதும் திட்டம் மாறியதா? மாறவில்லை, உரிய காலத்தில் முடிப்பதாக 2024 டிசெம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் டில்லிப் பயணத்துக் கூட்டறிக்கை சொல்கிறது.

மின்கட்டணம் குறையுமா? தீவுக்கென்று தனிக் கட்டணம் கிடையாது. நாடு முழுவதும் ஒரே அட்டவணை என்பதால், மிச்சமாகும் டீசல் செலவு முதலில் மின்சாரம் வழங்குபவரின் கணக்கில்தான் சேரும்.

டீசல் கடல் கடந்து வருவது நின்றுவிடுமா? குறையும், நிற்காது.