ஜெர்மனியில் லாரி ஓட்டினால் கையில் எவ்வளவு நிற்கும்?

ஜெர்மனியில் லாரி ஓட்ட ஆள் போதவில்லை. ஆண்டுக்குச் சுமார் 30,000 ஓட்டுநர்கள் ஓய்வு பெறுகிறார்கள், புதிதாக வருபவர்கள் அதில் பாதியளவே என்று அந்நாட்டுச் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களின் கூட்டமைப்பு சொல்லிவருகிறது. வெளிநாட்டு ஓட்டுநர்களுக்கான விதிகளும் 2023 நவம்பரில் தளர்ந்தன. இந்த நிலையில் நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இருக்கும் ஓட்டுநரிடம் ஒருவர் வந்து, “அங்கே மாதம் மூன்றரை லட்சம் ரூபாய்” என்று சொன்னால் அது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. அந்தத் தொகையில் சம்பளம் எவ்வளவு, பேட்டா எவ்வளவு, எந்த ரூட்டுக்கு எது கிடைக்கும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடிப்படை: மணிக்கூலி

நம் ஊரில் டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வது வழக்கம். ஜெர்மனியில் கணக்கு மணியில்தான். ஓடிய தூரத்துக்கோ ஏற்றிய எடைக்கோ கூலி கொடுப்பது சாலைப் பாதுகாப்பைக் குலைக்கும் என்றால், ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஒரு நாளில் 9 மணி நேரம் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி வரை போகலாம். நாலரை மணி ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். எல்லாம் வண்டியில் உள்ள டாக்கோகிராஃப் கருவியில் பதிவாகும்.

லாரி ஓட்டுநர்களுக்கென்று நாடு முழுமைக்கும் ஒரே ஊதிய ஒப்பந்தம் கிடையாது. எல்லோருக்கும் உறுதியானது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி. 2026 ஜனவரி 1 முதல் அது மணிக்கு 13.90 யூரோ. வாரம் 40 மணி என்றால் மாதம் சுமார் 2,409 யூரோ. லாரித் தொழிலில் வாரச் சராசரி 48 மணி வரை வேலை வாங்கலாம் என்பதால், அந்தக் கணக்கில் சுமார் 2,891 யூரோ வரும். நடைமுறையில் பெரும்பாலான ஓட்டுநர்களின் மொத்தச் சம்பளம் 2,500 முதல் 3,500 யூரோவுக்குள் அமைகிறது. தெற்கு மாநிலங்களில் கூடுதல், கிழக்கில் குறைவு. புதியவர் கீழ்ப்படியில்தான் தொடங்குவார். அதனால் கீழே வரும் கணக்குகளைக் குறைந்தபட்சக் கூலியை வைத்தே போட்டிருக்கிறோம்.

தினமும் வீடு திரும்பும் ஓட்டம்

கட்டுமானப் பொருள், சூப்பர் மார்க்கெட் சரக்கு, ஹாம்பர்க் துறைமுகக் கன்டெய்னர் போன்றவற்றைச் சுற்றுவட்டாரத்தில் கொண்டுசேர்க்கும் வேலை இது. ஓட்டுவது குறைவு, இறக்குவது அதிகம். வீட்டையும் பணியிடத்தையும் விட்டு 8 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த நாளுக்கு 14 யூரோ வரை வரியில்லாத பேட்டா தரலாம். மாதம் 20 நாள் என்றால் 280 யூரோ. கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. கொடுக்காவிட்டால் ஓட்டுநர் அதைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டிக்கொள்ளலாம்.

இரவு லைன்

பார்சல் நிறுவனங்களின் மையங்களுக்கு இடையே இரவு முழுக்க வண்டி ஓடும். இரண்டு ஊர்களிலிருந்து கிளம்பும் இருவர் பாதி வழியில் சந்தித்து, கழற்றி மாட்டக்கூடிய பெட்டிகளை மாற்றிக்கொண்டு, விடியுமுன் அவரவர் ஊருக்குத் திரும்புவது இதில் சாதாரணம். 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் ஞாயிறன்று இரவு 10 மணி வரை ஓடத் தடை இருப்பதால், பலருக்கு வேலை வாரம் ஞாயிறு இரவிலேயே தொடங்கிவிடும்.

இந்த வேலையின் பலம் இரவுப் படி. பார்சல் லைனில் ஓடிய ஒரு லாரி ஓட்டுநர் தொடுத்த வழக்கில்தான், தொடர்ந்து இரவு வேலை செய்பவருக்கு 30 சதவீதக் கூடுதல் கூலி பொருத்தமானது என்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 13.90 யூரோவில் 30 சதவீதம் 4.17 யூரோ. மாதம் 120 இரவு மணிகள் என்றால் சுமார் 500 யூரோ. இதன் பெரும்பகுதிக்கு வரி கிடையாது. காலையில் சொந்தப் படுக்கை, கையில் கூடுதல் பணம். உடம்பு பகல் தூக்கத்துக்குப் பழக வேண்டும் என்பது இதன் விலை.

வாரம் முழுக்க வெளியே

திங்கள் கிளம்பி வெள்ளி திரும்பும் நெடுந்தூர ஓட்டத்தில் கேபின்தான் வீடு. கிளம்பும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் 14 யூரோ, இடையில் முழு நாளுக்கு 28 யூரோ. ஆக வாரத்துக்கு 112. வண்டியிலேயே படுப்பதற்கு நாளொன்றுக்கு 9 யூரோ வீதம் மேலும் 45. நான்கு வாரத்துக்கு 628 யூரோ வரை வரியில்லாமல் வரும். 48 மணிச் சம்பளமான 2,891 யூரோவோடு இதைக் கூட்டினால் 3,519 யூரோ. மூன்றரை லட்சம் ரூபாய் என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது.

சாப்பாடும் குளியலும் அந்தப் பேட்டாவிலிருந்துதான். தவிர, திங்கள் காலை முதல் வெள்ளி மாலை வரை நூறு மணி நேரத்துக்கு மேல் வீட்டுக்கு வெளியே இருந்தால்தான் இது கிடைக்கும். கூலி அதில் 48 மணிக்கு மட்டுமே.

நாடு தாண்டும் ஓட்டம்

வெளிநாட்டு பேட்டா நாட்டுக்கு நாடு மாறும். இந்த ரூட்டில் அதைவிட முக்கியம், ஒப்பந்தம் எந்த நாட்டில் போடப்பட்டது என்பது. போலந்து, லித்துவேனியா நிறுவனங்கள் ஆசியாவிலிருந்து ஓட்டுநர்களை எடுத்து ஜெர்மன் சாலைகளில் ஓட்டுகின்றன. போலந்தின் 2026 குறைந்தபட்ச மாதச் சம்பளம் 4,806 ஸ்லோட்டி, அதாவது சுமார் 1,100 யூரோ. 2022 பிப்ரவரி முதல், அந்நிய நிறுவன லாரி ஜெர்மனிக்குள்ளேயே ஏற்றி இறக்கினால் அந்த நேரத்துக்கு ஜெர்மன் கூலி தர வேண்டும். ஆனால் போலந்தில் ஏற்றி ஜெர்மனியில் இறக்கும் நேரடி லோடுக்கு இது பொருந்தாது.

2023 வசந்தத்தில் டார்ம்ஸ்டாட் அருகே ஏ5 நெடுஞ்சாலையின் கிரேஃபென்ஹவுசன் ஓய்விடத்தில் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சம்பள பாக்கி கேட்டு வாரக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் ஓட்டியது போலந்து நிறுவன வண்டிகள். அதே ஆண்டு கோடையில் அதே இடத்தில் போராட்டம் மறுபடி வெடித்து, சிலர் உண்ணாவிரதம் வரை போனார்கள்.

சிறப்புச் சரக்கு

பெட்ரோல், ரசாயன டேங்கர் ஓட்டத் தனிப் பயிற்சியும் தேர்வும் உண்டு. அந்தச் சான்றிதழை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டேங்கருக்கும் மிகைப்பாரச் சரக்குக்கும் சம்பளம் பொதுவாக மேல். ஆனால் இரண்டுக்கும் அனுபவசாலிகளையே தேடுவார்கள்.

கையில் நிற்பது

2,891 யூரோ மொத்தச் சம்பளத்தில் வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் பிடித்தபின், மணமாகாத ஒருவர் கையில் சுமார் 2,000 யூரோ நிற்கும். அறை வாடகை அதிலிருந்துதான் போக வேண்டும். பேட்டாவில் பிடித்தம் இல்லை. ஆனால் அது ஓய்வூதியக் கணக்கில் சேராது. உடம்புக்கு முடியாமல் படுத்தால் சட்டப்படி ஆறு வாரம் சம்பளம் வரும், பேட்டா வராது. சம்பளத்தைக் குறைத்துப் பேட்டாவைக் கூட்டிக் காட்டும் ஒப்பந்தம் முதுமையில் கடிக்கும்.

இன்னொரு கவனம்: லோடு ஏற்றி இறக்கும் நேரமும் வேலை நேரமே. டாக்கோகிராஃபில் அப்போது சுத்தியல் குறி இருக்க வேண்டும். கட்டில் குறியில் வைத்தால் அது ஓய்வாகப் பதிவாகி, உழைத்த மணி கணக்கில் இல்லாமல் போகும்.

போகும் முன்

இந்திய ஹெவி லைசென்ஸை அப்படியே மாற்றித் தரமாட்டார்கள். எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டும் தேர்விலும் தேறியாக வேண்டும். அதோடு தொழில்முறை ஓட்டுநர் தகுதியும் வேண்டும். இதன் சுருக்கப் படிப்பே 140 மணி நேரம். இரண்டையும் அங்கே போய் முடிக்க 15 மாதம் வரை அனுமதி தரும் விசா வழி இருக்கிறது. தகுதி கைக்கு வரும்வரை லாரி ஓட்டுநர் சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது. பயிற்சிச் செலவு பத்தாயிரம் யூரோவை நெருங்கலாம். அதை நிறுவனம் ஏற்றால், எத்தனை ஆண்டு கட்டுப்பட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்.

கையெழுத்திடும் முன் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். மணிக்கூலி எவ்வளவு? மாதம் எத்தனை மணி? பேட்டா தனியா, சம்பளத்துக்குள்ளா? வாரத்தில் எத்தனை இரவு வெளியே? நிறுவனம் பதிவானது எந்த நாட்டில்? ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவானவரா என்றும் பாருங்கள். பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.