தோட்டம் கைமாறும் முன்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் உருவானது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில், 1917ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோக்கோனியே அதைத் தொடங்கினார். பிறகு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். அதற்குப் பின் இந்த வட்டாரத்தில் துரைமார் போய் நிறுவனங்கள் வந்தன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய், தாமான்களும் தொழிற்பேட்டைகளும் எழுகின்றன. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர்கூட பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. ஆனால் லயத்தில் பிறந்து லயத்தில் முடியும் குடும்பத்துக்கு அன்றும் ஒரு சாண் நிலம் சொந்தமில்லை, இன்றும் இல்லை. வட சிலாங்கூரின் அடுத்த வளர்ச்சியில் அஞ்ச வேண்டிய இடம் இதுதான்.

தோட்டத்தில் வேலை, வீடு, பள்ளி, கோயில், இடுகாடு எல்லாமே ஒரே முதலாளியின் நிலத்தில் இருக்கின்றன. நிலம் கைமாறினால் இவை அனைத்தும் ஒரே நாளில் ஆட்டம் காணும். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் கூரை, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றின் தரத்தைப் பேசுகிறது. வேலை முடிந்த பிறகும் அந்தக் கூரையின் கீழ் இருக்கலாம் என்று அது சொல்லவில்லை. அறுபது வயதில் ஓய்வு பெறுபவருக்குச் சேமநிதிப் பணம் கிடைக்கும், கூடவே வீட்டைக் காலி செய்யும் கட்டாயமும் வரும்.

மனிதர்களின் மனம் இந்த ஏற்பாட்டைவிட வேகமாக மாறும் என்பதற்கு முதல் சான்று 1941. அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். அதோடு, துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடை மூடப்பட வேண்டும் என்றும் கேட்டார்கள். பத்திரிகை படிக்கவும் சங்கம் அமைக்கவும் கற்றுக்கொண்ட தலைமுறை அது. அரசு அதை மரியாதைக் கோரிக்கையாகப் பார்க்காமல் கலகமாகப் பார்த்தது. தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கின. பிரச்சினையின் வேரைச் சரியாகப் பிடித்தவர் துன் வீ.தி. சம்பந்தன். தொழிலாளியிடம் மாதம் பத்து வெள்ளி என்று திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்களையே வாங்கச் செய்தார். ஆனால் துண்டாடலின் வேகத்துக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் ஈடுகொடுக்க முடியவில்லை.

1980க்கும் 2000க்கும் இடையில் தோட்டங்களிலிருந்து பெயர்ந்த இந்தியர் மூன்று லட்சத்துக்கு மேல் என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. அவர்களில் பலர் நகர விளிம்பின் புறம்போக்குக் குடிசைகளுக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். தோட்டத்தில் சாதிச் சண்டையும் கள்ளுச் சண்டையும் இருந்தன என்பது உண்மை. ஆனால் சண்டையை விலக்க மூத்தவர் ஒருவராவது இருந்தார், தண்டல் இருந்தார், கோயில் தலைவர் இருந்தார். புறம்போக்கில் யாருக்கும் யாரையும் தெரியாது. 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடான் வட்டாரத்தில், ஒரு கல்யாணப் பந்தலும் ஒரு சாவு வீடும் அருகருகே அமைந்ததில் எழுந்த உரசல் பல நாள் வெட்டுக்குத்தாக மாறியது. ஆறு உயிர்கள் போயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர். தோட்டத்தை இழந்த தமிழரும், கம்பத்திலிருந்து பிழைக்க வந்த மலாய்க்காரரும், இந்தோனேசியக் குடியேறிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. அங்கே மோதிக்கொண்டவர்கள் எல்லாருமே வளர்ச்சியின் ஓரத்தில் தள்ளப்பட்ட ஏழைகள்.

கோயிலின் கதையும் இதே பாதையில்தான் போகிறது. சுபாங் ஜெயாவின் சீஃபீல்டு மாரியம்மன் கோயில், தோட்டம் இருந்தபோது தோட்டத்துக் கோயில். தோட்டம் போனதும் அது மேம்பாட்டு நிறுவனத்தின் நிலத்தில் நின்றது. நீதிமன்றம்வரை சென்ற தகராறு 2018 நவம்பர் 26 அதிகாலை வன்முறையாக வெடித்தது. அதில் காயமடைந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பர் 17ஆம் தேதி இறந்தார். இது நிலத் தகராறு, இனக் கலவரம் அன்று என்று அரசு விளக்கிச் சொன்னது. அதற்குள் நாடு முழுவதும் அதை இனக் கண்ணாடி வழியாகப் பார்த்து முடித்திருந்தது.

இவை தெற்கே நடந்தவை என்று வட சிலாங்கூர் நிம்மதி கொள்ள முடியாது. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீடு கேட்டுக் காத்திருந்தது இருபது ஆண்டுக்கு மேல். 245 குடும்பங்களுக்கான திட்டம் 2023இல்தான் உறுதியானது. அந்த வட்டாரத்தின் புக்கிட் தாகாரில், கோலாலம்பூர்க் குப்பையைக் கொட்டும் நிலம் 2005லேயே தயாராகிவிட்டது. தலைநகரின் கழிவுக்கு இடம் ஒதுக்க முடிந்த வட்டாரத்தில், அந்த மண்ணில் உழைத்தவருக்கு இடம் ஒதுக்க மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2007இல் ஈஜோக்கிலும் 2010இல் உலு சிலாங்கூரிலும் இடைத்தேர்தல்கள் நடந்தபோது தோட்டத்து வாக்குக்கு மதிப்பு ஏறியது. தேர்தலோடு தார் வந்தது, பட்டா வரவில்லை.

ஈஜோக்கை டெம்ப்ளர் பார்க்கோடு இணைக்கும் லாத்தார் நெடுஞ்சாலை 2011இல் திறந்த பிறகு, கோல சிலாங்கூர் தலைநகருக்கு அக்கம்பக்கமாகிவிட்டது. புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழக வளாகத்தோடு நகராகவே வளர்ந்துவிட்டது. இனிச் செம்பனைக்குள் இருக்கும் கோயிலின் எதிரே வரிசை வீடுகள் வரும். புதிதாக வீடு வாங்கி வருபவரின் கையில் பட்டா இருக்கும், கோயிலின் கையில் வயது மட்டும் இருக்கும். திருவிழா உடுக்கைச் சத்தம் அவருக்குத் தொல்லையாகப் படும். அவருடைய புகார்க் கடிதம் கோயிலைச் சேர்ந்தவர்களுக்கு அவமதிப்பாகப் படும். தலைநகரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில், நூறாண்டு கடந்த காளியம்மன் கோயில் 2025இல் இடம்பெயர வேண்டி வந்தபோது நாடே பிளந்து பேசியதைப் பார்த்தோம். அங்கும் தகராறின் வேர், கோயில் நின்ற நிலம் வேறொருவர் கைக்குப் போனதுதான்.

இன்னொரு மாற்றத்தை நம்மவர் பேசுவது குறைவு. இன்று தோட்டத்தில் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். கட்டாய உழைப்புக்கான அறிகுறிகளைக் காரணம் காட்டி, 2020இல் அமெரிக்கச் சுங்கத் துறை எஃப்ஜிவி, சைம் டார்பி பிளான்டேஷன் ஆகிய இரு பெரும் நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தடுத்தது. சைம் டார்பி மீதான தடை 2023இல்தான் நீங்கியது. நம் பாட்டன்மார் கங்காணியிடம் கடன்பட்டு வந்ததுபோல் இவர்கள் முகவரிடம் கடன்பட்டு வருகிறார்கள். அதே லயத்தில் வளர்ந்து வெளியேறிய நம்மில் சிலர் அவர்களை இழிவாகப் பேசுகிறோம். உள்ளூர்க்காரன் போன இடத்தில் உரிமை கேட்க முடியாத ஆளை வைப்பது முதலாளிக்கு வசதி. அந்த ஆளை வெறுப்பது அந்த வசதிக்குத் துணைபோவது.

செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். தோட்ட நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும். ஓய்வு பெற்றவருக்கு வீடு, கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் தனிப் பட்டா, தமிழ்ப்பள்ளிக்கு நிலம் என்ற மூன்றையும் அந்த அனுமதியின் நிபந்தனையாக்கலாம். விற்பனை முடிந்த பிறகு கேட்டால் அது பிச்சை, அனுமதிக்கு முன்பு கேட்டால் அது பேரம். 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. எஞ்சியவற்றில் தனியார் நிலத்தில் நிற்பவை அரசின் பகுதி உதவியோடு தத்தளிக்கின்றன. ஆலய நிர்வாகங்கள் கும்பாபிஷேகத்துக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கையாவது நில அளவைக்கும் வழக்கறிஞருக்கும் ஒதுக்க வேண்டும்.

கம்போங் மேடானும் சீஃபீல்டும் முன்கூட்டியே தெரியாத விபத்துகள் என்று அன்று சொல்லியிருக்கலாம். கோல சிலாங்கூரில் அப்படி ஒன்று நடந்தால் எவரும் அப்படிச் சொல்ல முடியாது.