சேற்றில் காத்திருக்கும் எலிக்காய்ச்சல்

நாற்று முற்றிவிட்டால் அதன் நுனியைக் கிள்ளிவிட்டு நடும் வழக்கம் நம் உழவர்களிடையே உண்டு. அவ்வாறு செய்ய வேண்டாம் என்று நாங்கள் சொல்லி வருகிறோம். கிள்ளிய இடத்தில் உண்டாகும் காயத்தின் வழியே பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கிருமி பயிருக்குள் புகுந்துவிடும் என்பதே காரணம். புகுந்த கிருமி இலையின் நீர்க்குழாய்களில் பெருகி, இலையை நுனியிலிருந்து கருகச் செய்கிறது.

அதே சேற்றில் நின்று நாற்றை நடுபவரின் காலிலும் ஒரு கீறல் இருக்கலாம். அதன் வழியே உடலுக்குள் புகக்கூடிய கிருமியும் உண்டு. அதுவே எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா. பயிருக்கு நோய் வரும் முறையை அறிந்த உழவர்களுக்கு மனிதருக்கு நோய் வரும் முறையும் எளிதில் விளங்கும். கிருமி உள்ளே நுழைய ஒரு வாசல் வேண்டும். பரவுவதற்கு ஒரு பாதை வேண்டும். தங்கிப் பெருக ஓர் இடம் வேண்டும். இவற்றை அறிந்துகொண்டால் எங்கே தடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

கிருமியின் இயல்பு

லெப்டோஸ்பைரா சுருள்கம்பி போன்ற வடிவமுடையது. இதன் நீளம் 6 முதல் 20 மைக்ரான், தடிமனோ 0.1 மைக்ரான் அளவுதான். ஒரு மில்லிமீட்டரில் 1,000 மைக்ரான் அடங்கும் என்றால் இதன் நுண்மையை ஊகித்துக்கொள்ளலாம். இந்நோயின் கடுமையான வடிவத்தை 1886-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் விவரித்தார். நோய்க்குக் காரணமான கிருமியை 1915-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் இனாடாவும் இடோவும் கண்டறிந்தனர்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாவதாகவும், சுமார் 59,000 பேர் இறப்பதாகவும் 2015-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. நெல் விளையும் இலங்கையில் 2008-இல் இந்நோய் பெருமளவில் பரவி, 7,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் இருக்கலாம் எனப் பதிவாயிற்று. 2018-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின் கேரளத்திலும் இது பரவியது.

எலியிடம் குடியிருப்பு

இக்கிருமி எலியின் சிறுநீரகத்தில் உள்ள நுண்குழல்களில் தங்கிப் பெருகுகிறது. எலிக்கு இதனால் பெரும் தீங்கு எதுவும் நேர்வதில்லை. ஆகவே அது நன்றாக ஓடியாடிக்கொண்டே, மாதக்கணக்கில் தன் சிறுநீரோடு கிருமியை வரப்பிலும் வாய்க்காலிலும் விட்டுக்கொண்டிருக்கும். மாடு, பன்றி, நாய் ஆகியவையும் இக்கிருமியைத் தாங்கி வெளியேற்றும். பசுக்களில் கன்று வீச்சும் பால் குறைவும் ஏற்படுவதுண்டு.

வெயிலில் காய்ந்தால் கிருமி மடிந்துவிடும். ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில்கூட உயிரோடிருக்கும். நெல் வயல் இதற்கு ஏற்ற இடமாக அமைந்துவிடுகிறது.

நுழையும் வாசல்

காயமில்லாத தோல் நல்லதொரு மதில். ஆனால் உழவரின் காலில் அம்மதில் முழுமையாக இருப்பது அரிது. அரிவாள் பட்ட வெட்டு, தாள் குத்திய கீறல், விரலிடுக்கில் சேற்றுப்புண் என ஏதேனும் ஒன்று இருக்கும். நாள் முழுதும் நீரில் ஊறி வெளுத்த தோலும் கிருமிக்கு எளிதில் இடம் கொடுக்கும். வாய்க்கால் நீரில் முகம் கழுவினால் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மெல்லிய சவ்வு வழியாகவும் கிருமி உட்புகும்.

உடலுக்குள் நடப்பது

உட்புகுந்த கிருமி தன் சுருள் உடலைத் திருகித் திருகி நீந்தி இரத்தத்தில் கலக்கிறது. நம் உடலில் அந்நியக் கிருமிகளை அடையாளம் கண்டு அழிக்கும் காவல் ஏற்பாடு உண்டு. இக்கிருமியின் மேலுறையை அக்காவல் எளிதில் இனங்கண்டுகொள்வதில்லை. மேலும் நம் இரத்தத்திலுள்ள சில புரதங்களையே தன்மேல் ஒட்டிக்கொண்டு, உடலைச் சேர்ந்ததுபோல் கிருமி தப்பித்துக்கொள்கிறது. இந்த இடைவெளியில் அது பெருகிவிடுகிறது. அதனால்தான் கிருமி புகுந்த அன்றே காய்ச்சல் வருவதில்லை. பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள் கழித்தே வருகிறது. நடவு முடிந்து பலநாள் ஆகிவிடுவதால் காய்ச்சலையும் வயலையும் நாம் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை.

இரத்தத்தில் பெருகிய கிருமி நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சிதைக்கிறது. கசியும் வாய்க்கால்போல் அக்குழாய்களிலிருந்து நீரும் இரத்தமும் கசியத் தொடங்குகின்றன. சிறுநீரகத்தின் நுண்குழல்கள் பாதிக்கப்பட்டால் கழிவு வெளியேறாமல் உடலில் தங்குகிறது. ஈரல் பாதிக்கப்பட்டால் மஞ்சள் காமாலை தோன்றுகிறது. நுரையீரலில் இரத்தம் கசிந்தால் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகிறது. நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் லேசான காய்ச்சலோடு தேறிவிடுகின்றனர். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நோய் கடுமையாகிறது. அந்த ஒருவர் யார் என்பதை முதல் நாளில் சொல்ல முடியாது.

அறிகுறிகள்

குளிர் நடுக்கத்துடன் திடீர்க் காய்ச்சல், கடுந்தலைவலி, தொட்டால் பொறுக்க முடியாத கெண்டைக்கால் வலி, பீளை இல்லாமலே சிவந்த கண்கள் ஆகியவை முக்கியமானவை. சிலருக்குக் காய்ச்சல் ஒரு வாரத்திற்குள் தணிந்து, ஓரிரு நாள் நலமாயிருந்து, பின் மீண்டும் வரும். முதலில் தணிந்ததை நோய் தீர்ந்ததென்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது.

காலதாமதமே ஆபத்து

நடவு வேலைக்குப் பின் உடம்பு வலிப்பது இயற்கைதானே என்று பலர் இருந்துவிடுகின்றனர். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவோரும் உண்டு. சில வலி மாத்திரைகள் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். கண் மஞ்சளானதும் கீழாநெல்லி கொடுத்து ஒரு வாரம் பார்ப்போம் என்பதும் வழக்கம். அந்த ஒரு வாரம்தான் விலைமதிப்பற்றது.

டாக்சிசைக்ளின், பென்சிலின், செஃப்ட்ரையாக்சோன் போன்ற மருந்துகளால் இந்நோயைக் குணப்படுத்தலாம். தொடக்கத்திலேயே கொடுத்தால் பலன் அதிகம். எதை, எந்த அளவில் கொடுப்பது என்பதை டாக்டரே முடிவு செய்ய வேண்டும். முதல் சில நாட்களில் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமலும் போகலாம். கிருமிக்கு எதிரான பொருள் இரத்தத்தில் தோன்ற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகையால் டாக்டர் பெரும்பாலும் நாம் சொல்வதை வைத்தே சந்தேகிக்க வேண்டியுள்ளது. 'காய்ச்சல்' என்று மட்டும் சொன்னால் போதாது. 'நெல் வயலில் சேற்றில் வேலை செய்தேன், காலில் புண் இருந்தது' என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

தடுப்பு முறைகள்

1. கால், கைகளில் புண் உள்ளவர்கள் அது ஆறும்வரை சேற்று வேலையைத் தவிர்ப்பது நல்லது. இயலாவிட்டால் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இறங்கவும்.

2. நடவின்போது பூட்ஸ் அணிவது கடினம். வாய்க்கால் வெட்டுதல், தொழுவம் சுத்தம் செய்தல் போன்ற வேலைகளிலாவது ரப்பர் பூட்சும் கையுறையும் அணியவும்.

3. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கால்களைக் கழுவி, விரலிடுக்குகளை உலரத் துடைக்கவும்.

4. வயல் நீரில் வாய் கொப்பளிக்கவோ முகம் கழுவவோ வேண்டாம். கஞ்சித் தூக்கையும் தண்ணீர்க் குடத்தையும் மூடி வைக்கவும். குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.

5. வரப்புகளைச் சிறியனவாக அமைத்து, களையின்றி வைத்திருந்தால் எலிகள் வளை தோண்ட இடமிராது. தஞ்சாவூர்க் கிட்டி வைத்தும், ஆந்தைகள் வந்தமரக் குச்சிகள் நட்டும் எலிகளைக் குறைக்கலாம். ஒருவர் வயலில் மட்டும் செய்தால் எலிகள் அடுத்த வயலுக்குப் போய்த் திரும்பும். ஊரார் சேர்ந்து ஒரே சமயத்தில் செய்ய வேண்டும்.

6. எலிவளை தோண்டி நெல் எடுப்பவர்கள் வெறுங்கையை வளைக்குள் விட வேண்டாம். செத்த எலியையும் வெறுங்கையால் தொடக் கூடாது.

7. மாடுகளில் கன்று வீச்சு ஏற்பட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டவும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் கையுறையின்றித் தொடாமல் ஆழமாகப் புதைக்கவும்.

நாற்றில் காயமின்றிப் பார்த்துக்கொள்ளும் உழவர், தம் காலையும் அவ்வாறே பார்த்துக்கொள்ள வேண்டும். வயலுக்கு இறங்குமுன் தம் பாதத்தையும், தம் வயலில் நடவு செய்ய வரும் பெண்களின் பாதத்தையும் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பது நில உரிமையாளரின் கடமையாகும். இதற்குச் செலவு ஏதுமில்லை. அப்படியும் காய்ச்சல் கண்டால், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அன்றே செல்லுங்கள்.