மணிக்கட்டும் தவம் செய்ய வேண்டுமா?

சங்கரன்கோவிலில் ஆடித் தபசுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. விசைத்தறிச் சத்தம் ஓயாத தெரு. அந்தச் சத்தத்தையும் மீறி ஒரு வீட்டிலிருந்து பிடில் நாதம் வந்தது. மோகன வர்ணம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சட்டென்று நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கட்டில் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பற்றுப் போட்டிருந்தது.

"ஒரு வாரமா வலி, சார். திருவிழாவில வாசிக்கணும்லா, தெனம் நாலு மணி நேரம் சாதகம் பண்ணுதா" என்றார் தாயார். "சாதகம்னா வலிக்கத்தானே செய்யும்?"

"அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் வாசிப்பாள்?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

நோயின் மூலம் அந்தப் பதிலிலேயே இருந்தது. கோமதி அம்மன் தவம் இருந்த ஊர்தான். அதற்காக மணிக்கட்டும் தவம் இருக்க வேண்டுமா?

விரலை அசைக்கும் தசைகளில் பல முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் மணிக்கட்டின் குறுகலான பாதைகள் வழியாக விரல்களுக்கு ஓடுகின்றன. தறியில் இழை ஓடுகிற மாதிரிதான். நிதானமாக ஓடினால் பல வருஷம் ஓடும். திடீரென்று வேலையை ஐந்து மடங்கு ஆக்கினால் உராய்ந்து, வீங்கி, வலிக்கும். ஆகவே அரங்கேற்றமோ கச்சேரியோ வருகிறதென்றால் நேரத்தைச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே சிறிது சிறிதாக ஏற்றுங்கள். இருபத்தைந்து நிமிஷம் வாசித்தால் ஐந்து நிமிஷம் கையைத் தொங்கவிட்டுச் சும்மா இருங்கள். எடுத்த எடுப்பில் மூன்றாம் காலத்துக்குப் பாய வேண்டாம். சரளி வரிசையை முதற் காலத்தில் வாசிக்கச் சொன்ன பெரியவர்கள் கையையும் அறிந்தவர்கள்தான்.

இங்கிருந்து கிழக்கே கோவில்பட்டியைத் தாண்டினால் எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கே சமஸ்தான வித்வானாக இருந்தார். 1786ல் பிறந்த அவர், மேனாட்டுப் பிடிலை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி. மேனாட்டார் பிடிலை மோவாய்க்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி வாசிக்கிறார்கள். நாமோ சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் தலையை வலது கணுக்காலில் சார்த்திவிடுகிறோம். எவ்வளவு சௌகரியம்! பிடிலைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை; தந்தியில் வழுக்கிக் கமகம் பேசுவது ஒன்றுதான் அதன் வேலை.

ஆனால் இந்தப் பெண்ணின் பிடில் மேற்புறம் பாவாடைச் சட்டையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. அது நழுவாமலிருக்கக் கட்டைவிரல் கழுத்தை நெரித்தது. உள்ளங்கை தண்டோடு ஒட்டி, மணிக்கட்டு மடங்கிக் கிடந்தது. வழுக்காத துணியொன்றை மடித்து அங்கே வைத்ததும் பிடி தளர்ந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் பார்க்கலாம். நீண்ட ஸ்வரம் ஒன்றை வாசிக்கும்போது கட்டைவிரலை லேசாக எடுத்துப் பாருங்கள். பிடில் அசையாமல் நின்றால் சரி. தந்தியை எவ்வளவு அழுத்தினால் ஸ்வரம் தெளிவாகக் கேட்கிறதோ, அவ்வளவு போதும். குதிரை உயரமாக இருந்து தந்தி விரலை அறுத்தால் வாத்தியத்தைப் பழுது பார்க்கக் கொடுங்கள். குற்றம் விரலுடையது அல்ல. வலது கையின் வில்லோ சுமார் 60 கிராம்தான். அதற்கு உலக்கைப் பிடி எதற்கு?

உலகப் புகழ் பெற்ற யெஹுதி மெனுஹினையே இந்தத் தொல்லை விடவில்லை. 1952ல் பம்பாயில் அவர் பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்தபோது தூக்கமில்லாமலும் உடம்பின் இறுக்கத்தாலும் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். ஐயங்காரிடம் யோகாசனம் கற்ற பிறகு வாசிப்பு இலகுவாயிற்று. 1954ல் அவர் ஐயங்காருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தார். அதில், தம்முடைய மிகச் சிறந்த வயலின் ஆசிரியருக்கு என்று பொறித்திருந்தார்!

பெண்கள் விஷயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. பிடிலை உறையில் வைத்ததும் கைக்கு ஓய்வு என்று யார் சொன்னது? துணி பிழிவது, தேங்காய் துருவுவது, குழந்தையைத் தூக்குவது, போனைக் கட்டைவிரலால் தட்டுவது எல்லாம் அதே நாண்களின் தலையில்தான் விழுகின்றன. செம்பைத் தூக்கும்போது கட்டைவிரல் பக்கம் சுரீரென்றால் நாண் உறை வீங்கியிருக்கலாம். பிரசவமான தாய்மாருக்கு இது அடிக்கடி வரும். இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போனால், மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் முழங்கைப் பக்கத்து நரம்பாக இருக்கலாம். சுளுக்கென்று எண்ணெய் போட்டு முறுக்கி இழுக்க வேண்டாம். சில நாள் ஓய்விலும் வலி தணியாவிட்டாலோ, மரமரப்பு தொடர்ந்தாலோ, பிடி தளர்ந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆரம்பத்திலேயே போனால் பட்டை கட்டி ஓய்வு கொடுப்பதோடு பலருக்குச் சரியாகிவிடுகிறது.

இதையெல்லாம் நான் சொல்ல, தாயார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "மண்ணு பூசலாம்லா?" என்றார்.

"பூசுங்கள் அம்மா. கூடவே ஒரு வாரம் கைக்கு வேலை கொடுக்காதீர்கள்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு திண்ணையில் போனும் கையுமாகச் சாய்ந்திருந்த மகனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏலே, நாளையிலேர்ந்து தேங்காய நீ துருவு!"