கிடங்கில் சிக்கிய பெட்டி

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்துக் கிடப்பதை அன்றாடம் காணும் திருவொற்றியூர்வாசிகளுக்கு, எந்தப் பெட்டியை முதலில் நகர்த்துவது, எதை எங்கே ஒதுக்குவது என்ற கேள்வி புதிதன்று. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்ட நாள் தொட்டு, யார்டில் வேலை செய்வோரின் ஓயாத சிந்தனையே அதுதான். இதே சிந்தனையை விளையாட்டாகச் சிருஷ்டித்தவர் ஹிரோயுகி இமபயாஷி என்ற ஜப்பானியர். 1981-ல் அவர் உருவாக்கிய 'சோகோபான்', மறு ஆண்டு அவருடைய திங்கிங் ராபிட் நிறுவனத்தின் வாயிலாகக் கணினிகளுக்கு வந்தது.

சுவர் சூழ்ந்த கிடங்கு, ஒற்றைக் காப்பாளர், சில பெட்டிகள், அவை சென்று சேர வேண்டிய குறியிட்ட கட்டங்கள்: இவ்வளவே அதன் உலகம். எதிரி இல்லை. காப்பாளர் ஒரு சமயத்தில் ஒரு பெட்டியை மாத்திரம் தள்ளலாம், இழுக்கலாகாது. இந்த ஒரே விதியிலிருந்துதான் விளையாட்டின் கடுமை முழுவதும் பிறக்கிறது. மூலையில் அகப்பட்ட பெட்டி அங்கேயே கிடக்கும். குறியிட்ட கட்டமே இல்லாத நெடுஞ்சுவரோடு ஒட்டிவிட்ட பெட்டியோ, அதன் பின்புறம் போய் நிற்க இடமில்லாமையால், அச்சுவரை விட்டு ஒருபோதும் விலகாது. இவற்றைக் காட்டிலும் கொடியது, தவறு நிகழ்ந்த கணத்தில் அது தவறென்று தெரியாமல், நெடுநேரம் உற்சாகமாக உழைத்த பிறகு, கடைசிப் பெட்டிக்கு வழியில்லை என்று பிரத்தியட்சமாகும் நிலை. 1880-ல் அமெரிக்காவையே ஆட்டிவைத்த பதினைந்து கட்டைப் புதிரில் எந்த நகர்வையும் திருப்பிவிடலாம். யார்டிலும், அடியில் மாட்டிய கண்டெய்னரை மேலுள்ளவற்றைத் தூக்கி மாற்றி எடுத்துவிடலாம், டீசலும் நேரமும் மாத்திரமே நஷ்டம். சோகோபான் அந்தச் சலுகையைத் தருவதில்லை. ஆகவே அதையே நான் மேலான புதிராக மதிக்கிறேன்.

தேர்ந்தவர்கள் கையாளும் உபாயம் ஒன்றுண்டு: பெட்டிகள் யாவும் உரிய இடத்தில் அமர்ந்துவிட்டதாக மனத்தில் கொண்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கி இழுத்துப் பார்ப்பது. எது கடைசியில் நுழைய வேண்டியது என்பது அப்போது துலங்கும். ஒவ்வொன்றும் தனிப் புதிராக, சோகோபான் ஆடுவோரிடையே பிரசித்தமான தொண்ணூறு கிடங்குகளில் முதலாவதில் ஆறே பெட்டிகள்; ஆயினும் அதை முடிக்கக் குறைந்தது 97 தள்ளல்கள் வேண்டும்.

கணினியாவது எளிதில் வென்றுவிடும் என்று எண்ண வேண்டாம். எந்தக் கிடங்கைக் கொடுத்தாலும் அதற்குத் தீர்வுண்டா என்று விரைவில் சொல்லும் பொதுவழி எதையும் எவரும் கண்டதில்லை. மிகக் கடினமான கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது இது என்று கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் கல்பர்சன் 1997-ல் நிரூபித்தார். அதே பல்கலைக்கழகத்தில் யுங்கன்ஸும் ஷேஃபரும் அரிதின் முயன்று எழுதிய 'ரோலிங் ஸ்டோன்' என்ற நிரல், தொண்ணூறில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே தீர்த்தது. யாரோன் ஷோஹமின் 'ஃபெஸ்டிவல்' என்ற நிரல் தொண்ணூறையும் தீர்த்தது 2020-ல்தான்.

இவ்விளையாட்டுக்குப் பழங்கணினியே போதும். பிற்காலப் பிரதிகள் பலவற்றில் செய்ததைத் திருப்பும் 'அன்டூ' வசதி உண்டு; உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, முதல் சில கிடங்குகளையாவது அதைத் தொடாமல் ஆடச் சொல்லுங்கள்.