வராத படைக்குக் காத்திருந்த கரை

சித்தி விநாயகர் கோயில் இருக்கும் ஹேர்னிங்கை டென்மார்க்கில் வாழும் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் வடகடல் வந்துவிடும். சோனர்விக் பக்கத்துக் கரையில் இறங்கினால், மணலில் பாதி புதைந்து சாய்ந்து கிடக்கும் பெரிய பெரிய கொங்கிரீட் பாறைகளைப் பார்க்கலாம். கோடையில் பிள்ளைகள் அவற்றின் மேல் ஏறி விளையாடுவார்கள். எங்கள் பெரியவர்களோ கண்டதும் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள்: “பங்கர்.” பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, வளவுக்குள் பங்கர் வெட்டியவர்களுக்கு இது தெரியாதா?

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை டென்மார்க்கைப் பிடித்தது. நேச நாட்டுப் படைகள் கடல்வழியாக வந்து இறங்கும் என்ற பயத்தில் நோர்வேயிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை ஹிட்லர் கட்டிய அரணின் ஒரு பகுதிதான் இந்தக் கரையில் நிற்கிறது. 1943 டிசம்பரில் தளபதி ரோமெல் நேரில் வந்து பார்வையிட்டார். கண்ணிவெடிகள் மட்டும் சுமார் 14 லட்சம் புதைத்தார்கள். ஆனால் 1944 ஜூன் 6 அன்று படைகள் இறங்கியதோ பிரான்சின் நோர்மண்டியில்.

நோர்மண்டிக் கரையோரக் கிராமங்களில் அந்த இறக்கத்துக்கு எழுப்பிய கற்கள் நிறைய உண்டு. யூட்டா கடற்கரைக்குச் செல்லும் வழியில் டேனிஷ்காரர்களுக்கும் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அன்றைய தரையிறக்கத்தில் பங்கெடுத்த 800 டேனிஷ் கடலோடிகளுக்காக 1984இல் நிறுவியது அது. நாடு அடிமைப்பட்டுக் கிடக்க, அதன் மாலுமிகள் வேறு நாட்டுக் கரையில் போருக்குப் போயிருக்கிறார்கள்.

அப்படியானால் டென்மார்க்கின் மேற்குக் கரையில் யாருக்கு நினைவுக்கல்? வானத்திலிருந்து விழுந்தவர்களுக்கு. ஜெர்மன் நகரங்களுக்குக் குண்டு கொண்டுபோன விமானங்களும், கடலில் கண்ணிவெடி போட வந்த விமானங்களும், டேனிஷ் எதிர்ப்பியக்கத்துக்கு ஆயுதம் இறக்க வந்த விமானங்களும் இந்த வழியாகத்தான் பறந்தன. சுட்டு வீழ்த்தப்பட்டவை வயல்களில் விழுந்தன, கடலில் விழுந்தன. பல உடல்கள் கரை ஒதுங்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டு விமானப்படையினர் டேனிஷ் மண்ணில் புதைந்திருக்கிறார்கள். லெம்விக் போன்ற சிற்றூர் இடுகாட்டில்கூட அவர்களுடைய கல்லறைகள் உண்டு. விமானம் விழுந்த இடங்களில் ஊர்க்காரர்களே கல் நட்டிருக்கிறார்கள்.

எஸ்பியர் நகரின் ஃபோவ்ர்ஃபெல்ட் இடுகாட்டுக்கு அவசியம் போய்ப் பாருங்கள். 250க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் கற்கள் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கின்றன. அதிகாரி, சிப்பாய் என்ற பேதம் கல்லில் கிடையாது. 1917இல் உருவான போர்க் கல்லறை ஆணையம் வைத்த விதி அது. சென்னை நந்தம்பாக்கத்திலும் திருகோணமலையிலும் இருக்கும் போர்க் கல்லறைகளைப் பராமரிப்பதும் அதே ஆணையம்தான். டென்மார்க் விழுந்து சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1942 ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹெர்மீஸ் மூழ்கியது.

ஃபோவ்ர்ஃபெல்ட்டில் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. அதே இடுகாட்டில் ஜெர்மன் சிப்பாய்களும் கிடக்கிறார்கள். ஐந்து ஆண்டுகள் நாட்டை மிதித்தவர்களின் கல்லறையையும் இந்த ஊர் இடிக்கவில்லை. ஆனால் டென்மார்க்கும் கை சுத்தமாக வெளியே வந்த நாடு அல்ல. போர் முடிந்ததும் கரையோரக் கண்ணிவெடிகளை அகற்ற ஜெர்மன் கைதிகளைத்தான் இறக்கினார்கள். அவர்களில் பலர் வயது குறைந்த பையன்கள். வெடித்துச் செத்தவர்களும் கை கால் இழந்தவர்களும் ஏராளம். ஸ்காலிங்கன் முனையில் எஞ்சிய வெடிகளை அகற்றி முடிக்க 2012 ஆயிற்று.

ப்ளோவன் கரையில் சில பங்கர்களுக்குக் கோவேறு கழுதையின் இரும்புத் தலையும் வாலும் முளைத்திருக்கும். விடுதலையின் ஐம்பதாம் ஆண்டான 1995இல் பிரிட்டிஷ் சிற்பி பில் வுட்ரோ பொருத்தியவை அவை. கோவேறு கழுதை குட்டி போடாது. போரும் இனி ஒன்றை ஈன்றுவிடக் கூடாது என்பது பொருள்.

1945 மே 4 இரவு, ஜெர்மன் படைகளின் சரணடைவை பிபிசியின் டேனிஷ் ஒலிபரப்பு அறிவித்ததும் மக்கள் ஜன்னல்களின் கறுப்புத் திரையைக் கிழித்தெறிந்து மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இன்றும் மே 4 மாலையில் பல வீட்டு ஜன்னல்களில் சுடர் தெரியும். கார்த்திகை விளக்கு வைத்துப் பழகிய நமக்கு அதன் அர்த்தம் உடனே பிடிபடும்.

பிடிபடும்போதே நெஞ்சும் அடைக்கும். ஈழப் போரில் இறந்த புலிப் போராளிகளைப் புதைத்திருந்த யாழ்ப்பாணத்துக் கோப்பாய் துயிலும் இல்லத்தை இடித்து, அதே இடத்தில் 2011இல் இலங்கை இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகத்தைத் திறந்தார்கள். அங்கே பிள்ளையைப் புதைத்த தாய்க்கு விளக்கு வைக்க ஒரு கல் இல்லை. எதிரியின் பிணத்துக்கும் கல் விட்டுவைத்த ஊரைப் பார்த்துவிட்டு இதை எப்படி ஏற்பது? இறந்தவர் எந்தப் பக்கத்தில் நின்றிருந்தாலும் அவருடைய கல்லறை அவரைப் பெற்றவர்களுக்கு உரியது. அதை இடிக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை.

ஹேர்னிங்கிலும் அதைச் சுற்றியும் இருக்கும் நம்மவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வரும் மே 4 அன்று உங்கள் ஜன்னலிலும் ஒரு விளக்கு வையுங்கள். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை ஃபோவ்ர்ஃபெல்ட்டுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே பெயர் இல்லாத கற்களும் உண்டு. அவற்றுக்கும் கொஞ்சம் பூ வாங்கிக்கொள்ளுங்கள்.