குடோனில் மிஞ்சும் கட்டையும் டிரம்மும்: எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?



எர்ணாவூரில் நடந்த ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிந்த பிறகு ஒரு அக்கா எங்களிடம் கேட்டார்: "குடோன் வாசல்ல பேலட் கட்டை சும்மா குடுக்குறாங்கம்மா. வெந்நீர் அடுப்புக்கு நல்லா எரியுது. ஆனா அந்தப் புகை பட்டா கண்ணு எரியுது, பேத்திக்கு இருமல் வருது. அது இன்னா கட்டை?" பக்கத்தில் இருந்த சகோதரி, "எங்க வூட்டுல தண்ணி புடிக்கிற நீல டிரம்மும் அங்கருந்து வந்ததுதான்" என்றார்.

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்துகொண்டால் நமக்கு வருமானமும் உண்டு, வீட்டுக்குப் பாதுகாப்பும் உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

குடோனில் என்ன மிஞ்சுகிறது?

நம் பகுதிக்கு ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம், இன்னொரு பக்கம் எண்ணூர் காமராஜர் துறைமுகம், நடுவில் மணலி ஆலைகள். கண்டெய்னரில் வரும் சரக்கு இங்குள்ள குடோன்களில் தங்கித்தான் போகிறது. இப்போது வீட்டுச் சாமான்களை மாத வாடகைக்கு வைத்துக்கொள்ளும் அறைகளும் சென்னையில் வந்துவிட்டன. எந்தக் கிடங்காக இருந்தாலும் சரக்கு போய்விடும், அதைச் சுற்றி வந்தவை மிஞ்சும். பேலட் கட்டை, அட்டைப்பெட்டி, சுற்றிய பிளாஸ்டிக் தாள், கட்டிய பட்டை, பெரிய சாக்கு, டிரம், கேன், தெர்மாகோல் ஆகியவைதான் அவை.

நல்ல முறையில் நடக்கும் கிடங்கில் இதையெல்லாம் உடனே குப்பை என்று தள்ளுவதில்லை. பேலட்டில் ஒரு பலகை உடைந்தால் அந்தப் பலகையை மட்டும் மாற்றி ஆணி அடிக்கிறார்கள். கிழியாத பெட்டியை மடித்து வைத்து அடுத்த வாடிக்கையாளருக்குத் தருகிறார்கள். இனி உதவாது என்பதைத்தான் பழைய பொருள் கடைக்கு அனுப்புகிறார்கள். முதலில் மறுபடி பயன்படுத்துவது, பிறகுதான் மறுசுழற்சி. இதுவே சரியான வரிசை. நம் குழுவுக்கும் இதே வரிசைதான் லாபம்.

பேலட் கட்டையில் முத்திரையைப் பாருங்கள்

மரக்கட்டை வழியாக ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போய்விடக் கூடாது என்று 2002-ல் ஒரு சர்வதேச விதி வந்தது. அதன்படி வெளிநாட்டுச் சரக்கோடு போகும் கட்டையைப் பூச்சி சாகும்படி பக்குவம் செய்து முத்திரை குத்த வேண்டும். முத்திரையில் கோதுமைக் கதிர் போல ஒரு படம் இருக்கும். பக்கத்தில் நாட்டின் பெயருக்கு இரண்டு ஆங்கில எழுத்து, ஒரு எண், கடைசியில் பக்குவம் செய்த முறை இருக்கும்.

• எச்.டி. என்று இருந்தால், கட்டையின் உள்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் குறைந்தது 30 நிமிடம் வைத்திருக்கிறார்கள். மருந்து சேர்க்கவில்லை. பலகை, செடித்தொட்டி, அலமாரி செய்ய இது ஏற்றது.

• எம்.பி. என்று இருந்தால், மெத்தில் புரோமைடு என்ற விஷவாயுவைச் செலுத்தியிருக்கிறார்கள். இந்தக் கட்டை அடுப்புக்கும் வேண்டாம், வீட்டுச் சாமானுக்கும் வேண்டாம்.

ஆங்கில எழுத்து தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் காட்டிக் கேளுங்கள். அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

எச்.டி. முத்திரை இருந்தாலும் அந்தக் கட்டை எதைச் சுமந்தது என்று நமக்குத் தெரியாது. ரசாயனம் சிந்திய கறை, எண்ணெய்ப் பிசுக்கு, பெயின்ட், காரமான வாடை இருந்தால் விட்டுவிடுங்கள். பசை போட்டு ஒட்டிய பிளைவுட் துண்டையும் எரிக்கக் கூடாது. அடைத்த சமையலறையில் எந்த விறகுப் புகையும் கெடுதல்தான். அதில் பசையும் மருந்தும் சேர்ந்தால் கைக்குழந்தைக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இன்னும் கெடுதல்.

டிரம்மைக் கழுவினால் போதுமா?

போதாது. நீல டிரம் கெட்டியான பிளாஸ்டிக். உள்ளே இருந்த ரசாயனம் அந்தப் பிளாஸ்டிக்கிலேயே ஊறி இருக்கும். சோப்பு, புளி, சாம்பல் எது போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. மண்டை ஓடு, தீச்சுடர், கையை அரிக்கிற மாதிரி படம் இவற்றில் எது ஒட்டியிருந்தாலும் தொடாதீர்கள். லேபிளைக் கிழித்து விற்கும் டிரம்மை இன்னும் சந்தேகப்படுங்கள்.

2016-ம் வருட அபாயகரமான கழிவு விதிகளின்படி, ஆபத்தான ரசாயனம் இருந்த காலி டிரம்மும் அபாயகரமான கழிவுதான். அனுமதி பெற்றவர்களிடம்தான் அது போக வேண்டும். நம் கைக்கு வருவதே தவறு. கிராமத்துச் சகோதரிகளே, பூச்சிமருந்து கேனுக்கும் இது பொருந்தும். அதில் எண்ணெயோ மோரோ ஊற்றி வைக்காதீர்கள். குடிதண்ணீருக்கென்று புதிதாக ஒரு டிரம் வாங்கக் காசு இல்லை என்றால் குழுவில் உள்கடன் கேளுங்கள். அது நல்ல கடன்.

காசாகும் பொருளைக் காப்பது எப்படி?

அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் தாள், பட்டை, சாக்கு இவற்றைத் தைரியமாக எடுக்கலாம், சுத்தமாக இருந்தால். கவனிக்க வேண்டியவை:

1. ஒவ்வொன்றையும் தனியாகக் கட்டுங்கள். கலந்து போட்டால் கடைக்காரர் மலிவான பொருளின் விலையைத்தான் எல்லாவற்றுக்கும் போடுவார்.

2. அட்டை நனையக் கூடாது. நனைந்த அட்டைக்கு எடையைக் கழிப்பார்கள், நாள்பட்டால் பூஞ்சை பிடித்து ஒன்றுக்கும் ஆகாது. கிழியாத பெட்டியை எடைக்குப் போடாமல் எண்ணிக்கைக்கு விற்றுப் பாருங்கள்.

3. தரையில் வைக்காதீர்கள். நல்ல பேலட் கட்டை ஒன்றைப் போட்டு அதன்மேல் அடுக்குங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. அன்று தரையில் இருந்த ரேஷன் அட்டையும் பாஸ்புக்கும்கூட வீணானது. குழுவின் பதிவேடுகளையும் உயரத்தில் வையுங்கள்.

4. பிளாஸ்டிக், தெர்மாகோல், ஒயர் எதையும் எரிக்காதீர்கள். செம்புக்காக ஒயரைக் கொளுத்தினால் வரும் புகை விஷம்.

5. அதிக நாள் சேர்த்து வைக்காதீர்கள். விலை ஏறும் என்று குவித்தால் எலியும் தீயும்தான் முதலில் வரும். அடுப்பு, மின் மீட்டர் பக்கத்தில் கூடவே கூடாது.

தேக்கி வைப்பதில் உள்ள ஆபத்துக்கு நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. சுங்கத்துறை 2015-ல் பிடித்த அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் ஐந்து வருடம் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனான் நாட்டு பெய்ரூட் துறைமுகத்தில் இதே சரக்கு சுமார் 2,750 டன் வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் மணலியில் சுமார் 700 டன் இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த மாதமே ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். பக்கத்துக் கிடங்கில் என்ன இருக்கிறது என்று கேட்பது நம் உரிமை. வார்டு கவுன்சிலரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் கேட்கலாம்.

தனியாகப் போகாமல் குழுவாகப் போவோம்

புனே நகரில் குப்பை பொறுக்கும் பெண்கள் 1993-ல் சங்கம் வைத்தார்கள். பிறகு 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைத்து 2008-ல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். வாசலிலேயே பிரித்து வாங்கியதால் பொருளும் சுத்தம், அடையாள அட்டை இருந்ததால் மரியாதையும் கிடைத்தது.

நாமும் குடோன் மேலாளரிடம் குழுவின் பெயரில் கடிதம் கொடுக்கலாம். எந்த நாளில் எடுப்போம், எதை எடுப்போம், எதை எடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். கையுறை, செருப்பு இல்லாமல் போகாதீர்கள். துருப்பிடித்த ஆணி குத்தினால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எடையை நம் பதிவேட்டிலும் எழுதுங்கள். பிரித்துக் கொடுப்பதால் கிலோவுக்கு 1 ரூபாய் கூடினாலும், 500 கிலோவுக்கு 500 ரூபாய். மாதம் 50 ரூபாய் சேமிக்கும் 10 உறுப்பினர்களின் சந்தா அது.

அடுத்த கூட்டத்தில் பேச மூன்று கேள்விகள்:

• நம் வீட்டு டிரம் முன்பு எதை வைத்திருந்தது?
• நம் அடுப்பில் எரியும் கட்டையில் என்ன முத்திரை?
• பிரித்து அடுக்க நனையாத இடம் எந்த உறுப்பினர் வீட்டில் இருக்கிறது?

பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். முத்திரை புரியாத கட்டை இருந்தால் எரிக்காமல் வையுங்கள். நாங்கள் வரும்போது சேர்ந்து பார்ப்போம்.